அடியில் கிடந்த லேயர்

கம்ப்யூட்டர் திரையில், படத்தின் அடுக்குகளைக் காட்டும் பட்டியலில், சின்னவள் போடாத லேயர் ஒன்று இருந்தது.

மறுபடி எண்ணினாள். கறுப்புப் பின்னணி ஒன்று. அதன்மேல் கடையின் பெயர். அந்த எழுத்தையே நகலெடுத்து, ஆரஞ்சு நிறம் ஏற்றி, ஓரம் கலைந்து பரவும்படி மங்கலாக்கி, எழுத்துக்குப் பின்னால் ஒளிபோல வைத்தது இரண்டு. ஆக நான்குதான். ஐந்தாவது எல்லாவற்றுக்கும் அடியில், பெயரில்லாமல் கிடந்தது.

மழை மூட்டம் மத்தியானத்தையே விழுங்கியிருந்தது. ஜன்னல் இல்லாத அந்தப் பின்னறையில் அச்சு மையின் நெடியும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடையும், சுற்றும்போதெல்லாம் முனகும் மின்விசிறியின் சத்தமும் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. முன்னறையில் அக்கா போனில் போர்டு செய்பவரைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். இப்பவே கிளம்புங்க, நீங்க வர்றதுக்குள்ள எங்க கடைக்கு வயசாயிடும் என்று சிரித்தாள்.

இன்றைய வேலை இந்தக் கடையின் சொந்த லோகோ. ஊரார் போர்டுகளையெல்லாம் ஜொலிக்க வைத்த கடை இது. இங்கே போடுகிற எழுத்து மட்டும் எப்படித்தான் உயிரோடு எரிகிறதோ என்று வருகிறவர்கள் வாய்விட்டுக் கேட்பார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் டிசைனர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம். கூடப் பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று அக்கா அழுதாள். பாதிக் கடை உனக்குத்தான் என்றாள். சின்னவள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்தாள்.

இரண்டு ஒளி லேயரையும் மறைத்துப் பார்த்தாள். ஒளி போகவில்லை. எழுத்துக்குள்ளிருந்து லேசாக ஏறியது, இறங்கியது. தூங்குகிறவரின் நெஞ்சுபோல.

எழுத்தையும் கறுப்பையும் மறைத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. இந்த நாற்காலி. சின்னவள் போட்டிருக்கும் அதே நீலச் சட்டை. காலையில் அக்கா, வருஷக்கணக்குக்குப் பிறகு ஆசையாய்க் கூப்பிட்டு உட்காரவைத்துப் பின்னிவிட்ட சடை. பின்னி முடித்தும் அக்கா ஏன் அவ்வளவு நேரம் போனைப் பிடித்தபடி பின்னாலேயே நின்றாள் என்பது இப்போது புரிந்தது.

அந்த முதுகை அழிக்கத்தான் நினைத்தாள். அழிபடவில்லை. அந்த லேயரை மங்கவைக்கும் பொத்தானைப் பிடித்து நூறு சதவீதத்திலிருந்து எண்பதுக்கு இழுத்தாள். காலடியில் தரையின் சில்லிப்பு நின்றுபோனது. அறுபதுக்கு இழுத்தாள். மையின் நெடி இல்லை. மவுஸ் பிடித்த விரல்களின் வழியே மேசையின் மரக்கோடுகள் தெரிந்தன.

திரையில் ஆரஞ்சு பொங்கியது.

பதறிப்போய் மேலே தள்ளினாள். எண் ஏறவில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு. தானாகவே.

நின்றுபோன டிசைனரின் கடைசி ஃபைலைத் திறந்தாள். எழுத்து தகதகத்தது. அடியில் ஒரு லேயர். வெறும் இரண்டு சதவீதம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. நாற்காலி. குனிந்த ஆண் முதுகு. சட்டையின் கட்டங்கள்.

முன்னறையில் போன் பேச்சு எப்போதோ அடங்கியிருந்தது.

"அதை ஏன்டி திறந்தே?" அக்கா பின்னால் நின்றாள்.

"என்னை இதுல வச்சது நீதானாக்கா?"

அக்கா கலைந்த ஒரு மயிரிழையைச் சின்னவளின் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அந்த விரல் பட்டதே தெரியவில்லை.

"அவன் கத்தவே இல்லைடி. நான் பக்கத்துலயே இருந்தேன். உனக்கும் இருப்பேன்."

"நான் உன் தங்கச்சிக்கா."

"வெளியாளை வச்சா ரெண்டே மாசத்துல மங்கிடுது." அக்கா மவுஸை எடுத்துக்கொண்டாள். மவுஸை எடுத்துக்கொண்டாள். லோகோவைத் திறந்தாள். கறுப்பு, எழுத்து, ஒளி, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தாள். எல்லா லேயரையும் ஒன்றாக ஒட்டும் கட்டளையில் அம்புக்குறி போய் நின்றது. ஒட்டிச் சேமித்துவிட்டால் பிரிக்க வழியில்லை. சின்னவள் அந்தக் கையைப் பிடித்தாள். பிடி கிடைக்கவில்லை. காற்றில் காற்று பட்டதுபோல.

அக்கா அழுத்தினாள்.

அழுத்திய சத்தம்கூட இல்லை. சின்னவளின் முதுகுப் பக்கம் கறுப்பு. முன்னால் எழுத்தின் வளைவு. நகர இடமில்லை. மூச்சு ஏறும்போது ஒளி ஏறியது. இறங்கும்போது இறங்கியது. மூச்சை அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை.

திரையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவர் அளவுக்குப் பெரிதாய் அக்காவின் முகம். கன்னமெல்லாம் ஆரஞ்சு. எழுத்தின் ஓரங்களை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தாள். திருப்தியாய்த் தலையாட்டினாள். அதன் பக்கத்தில் இன்னொரு முகம் வந்து குனிந்தது. போர்டு செய்பவர், நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே.

"அருமையா எரியுதுங்க. யார் செஞ்சது?"

"எங்க வீட்டுப் பொண்ணு," என்றாள் அக்கா பெருமையாய். அவர் இன்னும் கிட்டே குனிந்தார். அவருடைய இரண்டு கண்மணிகளிலும் சின்னதாய், இடவலம் மாறிய எழுத்துகளோடு, அவள் எரிந்துகொண்டிருந்தாள்.