முடி, தாள், கயிறு

கெரின் தேநீர்க் கோப்பையை நீட்டியபோதுதான் டூகல் அதைப் பார்த்தான். அவள் முன்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. சிராய்ப்பு இல்லை, சிவப்பு இல்லை. செம்பட்டை ரோமங்களுக்கு நடுவே நேராக வழித்த ஒரு பட்டை.

"என்ன இது?"

"நீதான் சொல்லணும். உன் கையில இடம் தீந்துபோச்சுன்னு பொண்டாட்டி கைக்கு வந்துட்டியா?"

அவள் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹுவான் பள்ளத்தாக்கில் கத்தி செய்கிறவர்களின் இடது கை எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும். கூர் வைத்ததும் முதலில் தன் கை முடியை வழித்துப் பார்ப்பார்கள். பிறகு செய்தித்தாள். பிறகு கயிறு. கடைசியில் இறைச்சி. அந்த நான்கையும் அறுக்காத கத்தியை யாரும் விற்பதில்லை.

ஆனால் பட்டறையில் கூரான கத்தி எதுவும் இல்லை. சந்தையில் எல்லாம் விற்றுப்போயிருந்தன. இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் ஒன்றே ஒன்று மாட்டியிருந்தது. பழைய ஆடறுப்புக் கூடத்தில் ஆடுகளைத் தொங்கவிட்ட கொக்கித் தண்டவாளத்தைக் காய்ச்சி அடித்த அலகு. பிடி போட்ட பிறகே கூர் வைக்க வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே வைத்தான். பிடியை ஒட்டும்போது அது அவன் உள்ளங்கையைக் கிழித்தது. ஆத்திரத்தில், ஒரு முடியைக்கூட வழித்துப் பார்க்காமல், கல்லில் தேய்த்து அதன் கூர்மையை அழித்துவிட்டான்.

இப்போது போய்க் கட்டைவிரலால் தடவினான். கரண்டியின் விளிம்பு போல மழுங்கியிருந்தது.

மறுநாள் காலை ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி ஆப்பிள் மரங்களை விழுங்கிக்கொண்டு சமையலறை ஜன்னல்வரை வந்து நிற்க, ஈர மண்ணின் மணத்தோடு கல்லில் இரும்பு தேய்ந்த மணமும் கலந்து உள்ளே வர, அவன் பாதத்துக்கடியில் ஏதோ சரசரத்தது. குனிந்து பார்த்தான். நேற்றைய செய்தித்தாள். நூல் நூலாக.

அலகைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய் ஆற்றின் நடுவில் வீசினான்.

திரும்பி வந்தபோது கொல்லையில் துணிகள் சேற்றில் கிடந்தன. கொடிக்கயிறு அறுந்திருந்தது. முனையில் ஒரு பிசிறுகூட இல்லை.

பட்டறையில், வைஸில், அலகு இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்தது இறைச்சி.

"கெரின், கிளம்பு. உன் அக்கா வீட்டுக்கு. இப்பவே."

"ஒரு கொடிக்கயிறு அறுந்ததுக்கா? அடுப்புல ரொட்டி வேகுது, லூசு. வெந்ததும் போலாம்."

"ரொட்டி கருகட்டும். பையை எடு."

அவன் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள். உள்ளே போனாள்.

அவன் குளிர்பெட்டியிலிருந்து ஆட்டுத்தொடை ஒன்றை எடுத்துவந்து வைஸுக்கு முன்னால் உத்தரத்தில் தொங்கவிட்டான்.

"இந்தா," என்றான். "இதை எடுத்துக்கோ."

வண்டியைக் கிளப்பி வாசலுக்குக் கொண்டுவந்தான். பட்டறைக் கதவு திறந்திருந்தது. தொடை தொங்கியது. முழுசாக.

வைஸ் காலி.

ஓடினான். படி. கதவு. சமையலறை.

கெரின் நின்றிருந்தாள். தோளில் பை. முகத்தில் எரிச்சல்.

"என்ன இப்படி மூச்சு வாங்குற? நான் ரெடி. போலாமா?"

உயிரோடு இருக்கிறாள். கிட்டே போனான்.

அவள் கழுத்தில் ஒரு கோடு இருந்தது. சிவப்பு நூல் கட்டியது போல. முன்னால் தொடங்கி, காதுக்குக் கீழே போய், பின்னால் சுற்றி, மறுபடி முன்னால்.

"வெட்டினதே தெரியாது." சந்தையில் அவன் சொல்லிச் சொல்லி விற்பது.

"கெரின். திரும்பாதே."

"ஏன், பூச்சியா?"

"தலையை ஆட்டாதே. பேசாதே."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கோடு அகன்றது. டூகல் பாய்ந்து, தலை நழுவிவிடாதபடி அவள் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினான். விரல்களுக்கிடையே சூடாக ஊறியது.

"உன் கை," என்றாள், "ஏன் இவ்ளோ சில்லுன்னு இருக்கு?"

உதடுகள் அசைந்தன. குரல் உதடுகளிலிருந்து வரவில்லை. அவன் கைகளுக்குக் கீழே, அந்தக் கோட்டிலிருந்து வந்தது.

அவன் அழுத்தியபடியே நின்றான்.