தகரக் கூரையில் ஒரு பால்பல்

பேருந்தில் ஏறும்வரை ஸ்டெஃபனியின் பல் ஆடவே இல்லை. காலையில் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் ஒரு முழு ஆப்பிளை நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றதை அவள் அப்பா ஜோனதன் கண்ணாரப் பார்த்திருந்தான். செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் சாலையில் பேருந்து இறங்கியதுதான் தாமதம், அந்த ஆறு வயதுப் பெண் முன்பல்லை நாக்கால் முன்னும் பின்னும் தள்ளி விளையாடத் தொடங்கிவிட்டாள். கூடவே ஒரு வாடையும் வந்தது. சன்னலெல்லாம் அடைத்திருந்தது, குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் முந்தாநாள் தின்ற கோழியை இன்னும் விழுங்காமல் வாயிலேயே வைத்திருக்கும் எவனோ ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது போல, சூடாக, ஈரமாக ஒரு வாடை.

ஜோனதன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஜோகூரில், ஸ்கூடாயில் சொந்த வீடு இருக்கிற மனிதன், பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறி, கடலில் சில நாள் ஆடிக் களைத்து, கடைசியில் ஜோகூர்க் கரையிலேயே இறக்கிவிடப்பட்டு முதலைப் பண்ணை பார்க்கப் போகிறான் என்றால், அது அவன் தலையெழுத்து. மனைவி ஜெரால்டினுக்குத் தலைசுற்றல். அவள் கப்பலிலேயே படுத்துவிட்டாள். "பிள்ளைங்கள கண்ட எடத்துல கைய வைக்க விடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதை அவனுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அவன் வேலை பார்ப்பது கணினிச் சில்லுத் தொழிற்சாலையில், ஒரு தலைமுடி விழுந்தாலும் அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடுகிற அறையில். பிள்ளைகள் கைக்குழந்தையாக இருந்தபோது துணி மாற்றுவதற்கு அவன் சமையலறைக் கையுறையும் நீச்சல் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்த கதையை ஜெரால்டினின் அண்ணன் ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் தவறாமல் சொல்வார். பெற்ற பிள்ளை குடித்த கோப்பையில் மிச்சத்தண்ணீரை வாய் வைத்துக் குடிக்க முடியாத தகப்பன். பாசம் இல்லாமல் இல்லை. எச்சில்தான் ஆகாது.

பண்ணை ஓர் ஆற்றோரத்தில் இருந்தது. பின்னால் சதுப்புக் காடு. சிமெண்டுக் குளங்கள், அவற்றின் மேல் துருவேறிய தகரக் கூரை. குளத்துத் தண்ணீர் மேல் பச்சையாக ஓர் ஆடை படிந்திருந்தது. காய்ச்சி ஆறிய பாலில் படியுமே, அந்த மாதிரி. கோழித்தலைகள் அதில் மிதந்தன, கண் திறந்தபடி. ஈக்கள் அவற்றைச் சும்மா விடவில்லை.

"வாங்க லா, வாங்க!" என்றார் பண்ணைக்காரர் செல்லப்பன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு வாளி. "கம்பிக்குள்ள கைய விடாதீங்க பாப்பா. உள்ள போன கையத் திருப்பிக் குடுக்கறது நம்ம வழக்கமில்ல."

பத்து வயது மகன் டாரில் சிரித்தான். "அங்கிள், பெருசு எங்க?"

"பெருசுன்னு சொல்லக்கூடாது. தொக்னு கூப்பிடணும். மலாய்க்காரங்க தாத்தாவக் கூப்பிடற மாதிரி. மரியாதை குடுத்தா அதுவும் குடுக்கும்."

தொக் கடைசிக் குளத்தில் கிடந்தது. சேற்றில் புதைந்த படகு போல. வாயைப் பிளந்தபடி அசையாமல். உள்ளே வெளிறிய மஞ்சள் ஈறு, அதில் பாசி பிடித்த பற்கள், பற்களுக்கிடையே என்றோ தின்றதன் நார். ஒரு பல் மட்டும் இல்லை. அந்தக் குழியிலிருந்து கெட்டியாக ஏதோ வடிந்துகொண்டிருந்தது. பேருந்தில் வந்த வாடை இங்கிருந்துதான் வந்தது என்று ஜோனதனுக்குத் தெரிந்துபோனது. அத்தனை தூரத்திலிருந்து, அடைத்த சன்னலுக்குள்.

அப்போதுதான் ஸ்டெஃபனி, "அப்பா, இந்தா" என்றாள்.

அவள் உள்ளங்கையில் பல். வேரில் நூல்போல ஒரு சதைத் துணுக்கு, எச்சில், கொஞ்சம் ரத்தம். அவன் நாலைந்து டிஷ்யூவைச் சேர்த்து மடித்து அதை வாங்கிக்கொண்டான்.

"கூரை மேல போடணும்பா. டாரில் பல்லுக்குப் போட்டீங்கல்ல."

"கப்பல்ல ஏது கூரை?" என்றான் டாரில். "உனக்குப் பல்லே மொளைக்காது. கெழவி மாதிரி கஞ்சிதான்."

ஸ்டெஃபனி அழ ஆரம்பித்தாள். வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூடாய்க்குத் திரும்பியதும் வீட்டுக் கூரையில் வீசியிருப்பான். ஜோனதனால் முடியவில்லை. அந்த ஈரம் டிஷ்யூவைத் தாண்டி விரலைத் தொட்டுவிட்டது. இது தன் சட்டைக்குள், தன் நெஞ்சின் மேல், சாயங்காலம்வரை இருக்கப்போகிறது என்று நினைத்ததுமே அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சிறுவயதில் சாஆ தோட்டத்தில் அவன் அப்பா அவன் பல்லுக்குத் தொழிலாளர் லயத்து வீட்டுக் கூரையடியில் நின்று சொன்னதை அப்படியே சொன்னான், அவசர அவசரமாக:

"பழசை எடுத்துக்கோ, எங்க ஸ்டெஃபனிக்குப் புதுசைக் குடு!"

வீசினான். பல் தகரத்தில் விழுந்தது. டக். அப்புறம் உருண்டது. டக டக டக. அவ்வளவு சின்னப் பல்லுக்கு அவ்வளவு பெரிய சத்தம். கூரை குளத்துப் பக்கம் சாய்ந்திருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். விளிம்புவரை வந்த சத்தம் நின்றது. தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை.

தொக் வாயை மூடிக்கொண்டது. மெதுவாக. மாதா கோயிலில் நாக்கில் நன்மை அப்பம் வாங்கியவர்கள் மூடுவது போல.

செல்லப்பன் வாளியைக் கீழே வைத்தார். "பேர் சொன்னீங்களா சார்?"

"சொன்னேன். ஏன்?"

"பல்ல மட்டும் போட்டிருந்தா பரவால்ல." அவர் ஜோனதனைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார். "பேரச் சொல்லிக் கேட்டுட்டீங்க. அது குடுத்தா வேணாம்னு சொல்ல முடியாது. அது எடுக்கறப்பவும் அப்படித்தான்." அவர் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவத் தொடங்கினார். பேருந்து கிளம்பும்வரை கழுவிக்கொண்டே இருந்தார்.

கப்பலுக்குத் திரும்பும் சிறு படகில் ஸ்டெஃபனி விளிம்போரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் இறுக மூடியிருந்தன. கன்னம் மட்டும் அசைந்தது, மிட்டாயை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருட்டுவது போல. வாடை அவர்களோடு படகிலும் ஏறியிருந்தது. ஜோனதன் தன் சட்டையை முகர்ந்தான், காலணியை முகர்ந்தான், டாரிலின் தலையை முகர்ந்தான். கடைசியில் மகள் பக்கம் குனிந்தான். சட்டென்று நிமிர்ந்துகொண்டான்.

ஜெரால்டினுக்குத் தலைசுற்றல் விட்டிருந்தது. டாரிலைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனாள். "என்னங்க இவ ஒரு மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். "வெயில்" என்றான். பல்லைப் பற்றி மூச்சு விடவில்லை.

அறையில் அவனும் ஸ்டெஃபனியும் மட்டும். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சதுப்புக் காட்டின் மேல் வானம் அடிபட்ட தோல்போல ஊதாவாகக் கிடந்தது. அவன் முகம் கழுவி, கை கழுவி, மறுபடி கை கழுவிவிட்டு வந்தபோது, அவள் பால்கனிக் கம்பியருகே நின்று கீழே எதையோ போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா போடற?"

"பல்லு." வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல். "இங்க கூரை இல்லல்ல. அதான் நேரா குடுக்கறேன்."

"எந்தப் பல்லு?"

அவள் வாய்க்குள் இரண்டு விரல் விட்டாள். வெள்ளரி விதையை எடுப்பது போல, வலியில்லாமல், இன்னொரு பால்பல்லை எடுத்தாள். கம்பிக்கு வெளியே விட்டாள். அப்புறம் இன்னொன்று. மோவாயில் எச்சில் கயிறுகயிறாகத் தொங்கியது. அது பச்சையாக இருந்தது.

"வாயத் திற ஸ்டெஃபனி."

திறந்தாள்.

முன்பல் இருந்த இடத்தில் ஒன்று முளைத்திருந்தது. கூம்பாக, பழுப்பாக, பாசியோடு. பக்கத்தில் இன்னொன்று ஈறைக் கிழித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அதன் நுனியில் ஒரு கோழி இறகு ஒட்டியிருந்தது.

வாய் திறந்தே இருந்தது. இன்னும் திறந்தது. போதும் என்று அவன் நினைத்த இடத்தைத் தாண்டியும் திறந்தது. அவள் தரைவிரிப்பில் குப்புறப் படுத்தாள். மோவாய் தரையில். கைகள் பக்கவாட்டில் மடங்கி. வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தாள். கண் இமைக்கவில்லை. ஓர் ஈ அவள் நாக்கில் உட்கார்ந்தது. நடந்தது. அது எப்படிக் கப்பலுக்குள் வந்தது என்று அவன் யோசித்தான். வேறெதையும் யோசிக்க அவனுக்குத் தைரியமில்லை.

அப்போது கீழே யாரோ கூப்பிட்டார்கள்.

"அப்பா."

கப்பலின் இடுப்பில் தண்ணீர் தட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் படிக்கட்டில் ஏறி இறங்கிக் களைக்கட்டும் என்று தாழ்ந்த தளத்து மலிவு அறையைத்தான் எடுத்திருந்தான். கம்பியைப் பிடித்துக் குனிந்து கையை நீட்டினால் தண்ணீர் ஒன்றும் வெகு தூரமில்லை. விளக்கு வெளிச்சத்தில், எண்ணெய்ப் படலத்துக்கு நடுவே, தொக் மிதந்துகொண்டிருந்தது. செதில் இடுக்கெல்லாம் சேறு. கழுத்து மடிப்பில் புழு.

அது வாயைத் திறந்தது.

அந்தப் பெரிய ஈறு நெடுக பால்பற்கள். சின்னச் சின்னதாக, வெள்ளை வெளேரென்று, வரிசையாக. காலையில் ஆப்பிளைக் கடித்த பற்கள். அவை குளிரில் கடகடவென்று அடித்துக்கொண்டன.

"அப்பா, தண்ணி நாறுதுப்பா. தூக்குங்கப்பா."

அவள் குரல். அதே மழலை. அழும்போது மூச்சு விக்குமே, அந்த விக்கல்கூட.

முன்னங்காலொன்று தண்ணீரிலிருந்து எழுந்தது. விரல்களுக்கிடையே வழவழவென்று சவ்வு. தோள்மேல் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் குழந்தைகள் கையை நீட்டுவார்களே, அப்படி நீண்டது.

ஜோனதன் கையை நீட்டினான். பாதிவரை நீட்டினான். வாடை முகத்தில் மோதியது. சவ்வின் நுனி அவன் விரலைத் தொட்டது. குளிர். கோழை. புழுவொன்று அந்த விரலிலிருந்து இவன் விரலுக்கு ஏறியது.

கையை இழுத்துக்கொண்டான்.

அவன் இழுக்கவில்லை. கை தானாக இழுத்துக்கொண்டது. சட்டையில் துடைத்தது. மறுபடி துடைத்தது.

கப்பல் ஒருமுறை அதிர்ந்தது. இயந்திரம். தண்ணீர் நுரைத்தது. கரை நகர்ந்தது.

"அப்பா! அப்பா, கைய குடுங்கப்பா!"

அது நீந்தி வந்தது. வாயை மூடாமல். வாய்க்குள் தண்ணீர் போகப் போக அழுகை குழறியது. மேல் தளத்தில் யாரோ கைதட்டி, "முதலை! முதலை!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்கள். கைப்பேசிகள் மின்னின. ஒவ்வொரு மின்னலுக்கும் நுரையின் நடுவில் அந்தப் பால்பற்கள் தெரிந்தன. கொஞ்சம் தூரத்தில். இன்னும் கொஞ்சம் தூரத்தில். அப்புறம் வெள்ளையாக ஒரு புள்ளி. அப்புறம் குரல் மட்டும்.

அறைக்குள் தரைவிரிப்பு உரசியது. ஈரமான வயிறு இழுபடும் சத்தம். நின்றது. மறுபடி இழுபட்டது.

கதவுக்கு வெளியே ஜெரால்டின் டாரிலோடு சிரித்துக்கொண்டே வந்தாள். "ஸ்டெஃபனி கண்ணு, அம்மாவுக்கு ஒரு முத்தம்" என்றபடி கதவில் சாவி அட்டையை வைத்தாள்.

ஜோனதனின் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ சூடாக மூச்சு விட்டது. அவன் கத்த வாயைத் திறந்தான். கை மட்டும் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தது.