அதைவிடப் பாரமானது இருக்கோ?

செலஸ்ரீனா படியேறி வந்தபோது றமேஸ் தரையில் மல்லாந்து படுத்து, விமலராணியின் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குள் தலையை விட்டிருந்தான். பேச்சுக் குரல் கேட்டதும் கையிலிருந்த திருகாணியை வாயில் கவ்விக்கொண்டு அசையாமல் கிடந்தான். மெஷின் திருத்துவது அவன் தொழில். இத்தாலியின் பலேர்மோ நகரில், பிரான்காச்சோப் பகுதியில் சின்னதாக ஒரு பட்டறையும் ஒரு பழைய வான் வண்டியும் வைத்திருந்தான். ஆனால் விமலராணி அக்காவிடம் யாராவது சிக்கலோடு வந்தால் எந்த மெஷினும் அவனுக்குப் பெரிதில்லை.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் இருந்தது அந்த அறை. விமலராணி இருபத்திரண்டு வருடமாகக் கோர்ட்டிலும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்திலும் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர். பத்திரங்களோடு வந்தவர்கள் பத்திரத்தில் இல்லாததையும் சொல்லிவிட்டுப் போவார்கள். அவரும் மேசை விளிம்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, இடையில் பேசாமல் கேட்பார்.

“அக்கா, இவர் மூண்டு கிழமைக்கு முன்னம் புதுத் துவக்கு ஒண்டு வாங்கியிருக்கிறார்” என்றாள் செலஸ்ரீனா.

அவள் கணவன் ஜெனிஸ்டனைப் பலேர்மோவில் மன்னார் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இத்தாலியக் குடியுரிமை எடுத்து, தனியார் காவல் கொம்பனி ஒன்றில் சீருடைக் காவலராகச் சேர்ந்து ஒன்பது வருடம். பொலித்தேயாமா அரங்கின் பக்கத்தில் ஒரு நகை மொத்தக் கடையின் வாசலில், எல்லோரும் பார்க்க இடுப்பில் துப்பாக்கியோடு நிற்பது வேலை. துப்பாக்கியை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும்.

“வாங்கினதிலை என்ன பிரச்சினை?”

“பழையது பிளாஸ்டிக் உடம்பு அக்கா, இலேசு. இது முழுக்க இரும்பு, பெரிய சைஸ். வெறும் துவக்கே ஒரு கிலோ நூறு கிராம். இவருக்கு முதுகிலை டிஸ்க் பிரச்சினை. வருசக்கணக்கா ‘இந்தப் பெல்ட் என்னைக் கொல்லுது’ எண்டு சொன்ன மனுசன். அதுவே நாள் முழுக்க எட்டு மணித்தியாலம் இடுப்பிலை தொங்குற சாமான். ஏன் அக்கா?”

றமேஸ் மெஷினுக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். “ஆரோ மிரட்டுறாங்கள்.”

“எனக்கும் அதுதான் பயம்” என்றாள் அவள்.

விமலராணி தேத்தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். “அவர் எப்பிடித் தெரிஞ்செடுத்தவர்? நீர் பக்கத்திலை நிண்டனீரோ?”

“ஒரு சனிக்கிழமை கூடப் போனனான். நாலு கிழமையா அந்தத் துவக்குக் கடைக்குத்தான் போய்வந்தவர். ஒவ்வொண்டா எடுத்துக் கையை நேரை நீட்டிப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். கொஞ்ச நேரம் உத்துப் பாப்பார். பிறகு வைச்சிடுவார். கடைக்காரன் சொன்னவன், நாள் முழுக்க நிக்கிற ஆளுக்கு இலேசானதுதான் நல்லது எண்டு. இவர் ஒவ்வொருக்காலும் ஒண்டைத்தான் கேட்டவர், ‘அதைவிடப் பாரமானது இருக்கோ?’”

“எத்தினை தோட்டா போகும் எண்டு கேட்டவரோ?”

“இல்லை. கடைக்காரன்தான் சொன்னவன், பழையதிலை பதினைஞ்சு, இதிலை ஒன்பதுதான் எண்டு. இவர் காதிலை வாங்கேல்லை.”

பிறகு அவள் மற்றவற்றையும் சொன்னாள். அவர் முன்னைப்போலக் கதைப்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவங்களில் கையெழுத்துப் போடச் சொன்னால் “நீரே போடும்” என்கிறார். சந்தையில் தடித்த கல்லுக் கோப்பை ஒன்று வாங்கி, அதில் பாதி மட்டும் தேத்தண்ணீர் ஊற்றித் தரச் சொல்கிறார். எல்லாவற்றிலும் அவளை வாட்டியது வேறு. கோயில் பூசையில் சுவாமியாருக்கு உதவியாக நற்கருணை அப்பம் கொடுப்பவர், மாசி மாதத்தோடு அதை விட்டுவிட்டார். “எனக்குத் தகுதியில்லை” என்று மட்டும் சொன்னாராம்.

“என்ன பாவம் செய்திட்டார் அக்கா? ஆரோடை சேர்ந்திட்டார்?”

விமலராணி வேறொன்று கேட்டார், “துவக்கு வீட்டிலை எங்கை இருக்கு?”

“பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள்ளை. போன ஞாயிறு துடைக்கத் திறந்தவர். அப்ப தெரியாமல் ஒரு போட்டோ எடுத்தனான்.”

கைபேசித் திரையில் துப்பாக்கி தெரிந்தது. கறுப்பு, நீளம், கனத்த பிடி. பக்கத்தில் ஒரு தோட்டாப் பெட்டி. அதன் மூடியைச் சுற்றி ஒட்டிய நாடா கடையில் ஒட்டியபடியே இருந்தது.

“வேறை தோட்டாப் பெட்டி இருக்கோ?”

“இல்லை. பழைய தோட்டா இதுக்குச் சேராதாம். பழைய துவக்கோடை அதையும் கடைக்காரனிட்டையே குடுத்திட்டார். இந்த ஒண்டுதான் வாங்கினவர்.”

“நாளைக்கு வேலையோ அவருக்கு?”

“ஓம். காலமை ஒன்பதுக்கு.”

மறுநாள் காலை நகைக்கடைக்கு எதிரே இருந்த கோப்பி பாரில் விமலராணியும் றமேசும் உட்கார்ந்தார்கள். ஆபிரிக்காப் பக்கமிருந்து வீசும் சிறோக்கோக் காற்று புழுதியை வாரிக் கண்ணாடியில் அடித்தது. ஜெனிஸ்டன் வாசலில் நின்றார். நெடிய மனிதர், நாற்பத்து நாலு வயது. வலது உள்ளங்கை துப்பாக்கிப் பிடியின்மேல் அழுத்திக் கிடந்தது.

“பாத்தீங்களோ அக்கா, கை எடுக்கிறாரே இல்லை” என்று றமேஸ் கிசுகிசுத்தான். “எந்த நேரமும் உருவத் தயாரா நிக்கிறார். போர்கோ வெக்கியோவிலை இருக்கிறவர், துறைமுகம் பக்கம். ஆரோ பொடியள் கொள்ளையடிக்கக் கடையைக் காட்டித் தரச் சொல்லிக் கேட்டிருப்பாங்கள். மாட்டன் எண்டிருப்பார். அதுதான் பெரிய துவக்கு. சுவாமியாரிட்டைச் சொல்லவும் ஏலாமல் நற்கருணையை விட்டிட்டார்.”

“நல்லாத்தான் கோத்திருக்கிறாய்” என்றார் விமலராணி. “பாத்துக்கொண்டிரு.”

பொதி கொண்டுவந்தவன் ஒரு பேனாவை நீட்டினான். ஜெனிஸ்டன் தலையை ஆட்டிவிட்டு உள்ளேயிருந்த பெண்ணைக் கூப்பிட்டார். ஒரு கிழவி தெருப்பெயர் எழுதிய துண்டைக் காட்டி வழி கேட்டாள். துண்டை வாங்காமல், குனிந்து அவள் கையிலேயே வைத்து வாசித்தார். அரை மணித்தியாலம் வேறொன்றும் நடக்கவில்லை. றமேசுக்கு இரண்டாவது கோப்பி முடிந்தது.

அப்போது மூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் படாரென்று வெடித்தது. புகைக்குழாய்தான். ஆனாலும் தெருவே திடுக்கிட்டுத் திரும்பியது. றமேஸ் பாதி எழுந்துவிட்டான். ஜெனிஸ்டன் கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்தார், சூடு பட்டதுபோல. கடைக்குள் நுழைந்துகொண்டிருந்த பெண்ணைத் தோளால் உள்ளே தள்ளி, தன் முதுகால் கதவை மறைத்துக்கொண்டு நின்றார். வலது கையை இடது கை இறுகப் பிடித்திருந்தது.

விமலராணி கோப்பிக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை. “இண்டைக்கே கதைக்கவேணும். நாளைக்கு அவர் இஞ்சை நிக்கக் கூடாது.”

ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஜெனிஸ்டன் வீட்டுக்கு வந்தபோது, சமையலறை மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். பிள்ளைகள் கோயில் வகுப்புக்குப் போயிருந்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார், பிறகு விமலராணியை.

“என்னக்கா, வழக்கோ?”

“வழக்கில்லை. இரும். நான் சொல்லுறன், பிழையெண்டால் மறியும்.”

அவர் உட்கார்ந்து, கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

“செலஸ்ரீனா நினைக்கிறா, உமக்கு ஆரோ எதிரி இருக்கு எண்டு. றமேசும் அப்பிடித்தான். நானும் முதல் அதைத்தான் யோசிச்சனான். எதிரிக்குப் பயந்த ஆள் தோட்டா கூடப் போற துவக்கைத்தான் தேடுவான். நீர் பதினைஞ்சை விட்டிட்டு ஒன்பதை எடுத்தனீர். கடைக்காரனிட்டைத் தோட்டாக் கணக்குக் கேக்கேல்லை. பாரம் மட்டும் கேட்டனீர்.”

“பாரமானது பலமெண்டு நினைச்சிருப்பார்” என்றான் றமேஸ்.

“அப்ப கோப்பை? வீட்டிலை தேத்தண்ணிக் கோப்பையும் கல்லிலை. நல்ல தேத்தண்ணியைப் பாதிதான் ஊத்தச் சொல்லுறார். ஏன் பாதி?”

றமேசுக்குப் பிடிபட்டது. தளம்பாமல் இருக்கத்தான். ஓட்டத்தில் மெஷின் ஆட்டம் எடுத்தால் அவனே அதற்குள் சீமெந்துக் கட்டியை வைத்து இறுக்குகிறவன். இலேசான பெட்டி துள்ளும், பாரம் அதை அமத்தும். ஒவ்வொரு நாளும் கையால் செய்கிற காரியம்! அவனுக்குக் காது சுட்டது.

“நடுக்கம்” என்றான் மெதுவாக.

“ஓம். கை நடுங்கிற ஆளுக்கு இலேசான சாமான்தான் எதிரி. பேனா பிடிக்க ஏலாது, அதாலை கையெழுத்து இல்லை. ஒரு துண்டுக் கடதாசியை வாங்கினாலும் அது படபடக்கும். கடையிலை கையை நீட்டிப் பிடிச்சு உத்துப் பாத்தது துவக்கின்ரை அழகை இல்லை, முனை ஆடுதோ எண்டு. நற்கருணை பாவத்தாலை விட்டதில்லை செலஸ்ரீனா. சனத்தின்ரை நாக்குக்கு முன்னாலை அந்த மெல்லிய அப்பம் ஆடும். எல்லாரும் பாப்பினம்.”

செலஸ்ரீனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெனிஸ்டன் வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். விரல்கள் பலகையில் மெல்லத் தாளம் போட்டன. அவர் அதை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

“மாசியிலை தொடங்கினது” என்றார். “எனக்குத் தெரியும் இது என்ன வருத்தமெண்டு. ரீவியிலை காட்டினவங்கள். வரவரக் கூடும், பிறகு நடக்கவும் ஏலாது. டொக்டரிட்டைப் போனால் எழுதிப்போடுவார். எழுதினால் வேலை போச்சு. ஆனால் அக்கா, நான் களவு செய்யேல்லை. இந்த இரும்புத் துவக்காலை சுடுற சோதினை பாஸ் பண்ணினனான். பாரம் கையை அமத்திப் பிடிக்குது. நல்ல புள்ளி.”

“நம்புறன். ஆனால் சொல்லாத இன்னொண்டு இருக்கு.”

“இல்லை.”

“செலஸ்ரீனா, நீர் எடுத்த போட்டோவைக் காட்டும்.” கைபேசி மேசையில் வந்தது. “பழைய தோட்டா இதுக்குச் சேராது. புதுசு ஒரு பெட்டிதான் வாங்கினது. வாங்கி மூண்டு கிழமைக்குப் பிறகும் பெட்டி உடைபடேல்லை. சோதினைக்கு அங்கை, சுடுற இடத்திலையே தோட்டா தந்திருப்பினம். அப்ப இவ்வளவு நாளும் வாசல்லை நிண்ட துவக்குக்குள்ளை என்ன இருந்தது?”

காலையில் அந்த வெடிச் சத்தத்துக்குக் கை ஏன் விலகியது என்று றமேசுக்கு இப்போது விளங்கியது. உருவி என்ன செய்வது?

“ஒண்டுமில்லை” என்றார் ஜெனிஸ்டன்.

“மூண்டு கிழமையோ?” செலஸ்ரீனா எழுந்துவிட்டாள். “மூண்டு கிழமையா வெறும் இரும்பைக் கட்டிக்கொண்டு நகைக்கடை வாசல்லை நிண்டனீங்களோ? ஆரும் வந்திருந்தால்? அவங்களுக்குத் தெரியுமே அது வெறுமையெண்டு? முதல் உங்களைத்தானே சுட்டிருப்பாங்கள்!”

“சோதினை முடிஞ்சு உறைக்குள்ளை வைக்கேக்கை விரல் விசையிலை பட்டிட்டுது” என்றார் அவர். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “இதின்ரை விசையை மெல்ல இழுத்தாலே வெடிக்கும். எனக்கு அது வேணும் எண்டுதான் எடுத்தனான், என்ரை விரலுக்குப் பழையதை இழுக்கப் பலம் போதாது. வெடி நிலத்திலை போனது. என்ரை காலிலையிருந்து ஒரு சாண். அங்கை நிண்டவன் ‘நடக்கிறதுதான்’ எண்டான். ஆனால் கடை வாசலாலை சனம் போகும். பிள்ளையளைத் தள்ளிக்கொண்டு தாய்மார் போவினம். அண்டைக்கு முடிவெடுத்தனான், தோட்டா போடுறேல்லை. ஆக்கள் கண்ணாலைதானே பாக்கினம். பெரிய துவக்கைப் பாத்தால் தள்ளிப் போவினம் எண்டு நினைச்சன்.”

“உம்மைச் சுட்டாலும் பரவாயில்லை, உம்மாலை ஆரும் சாகக் கூடாது. அப்பிடித்தானே?” என்றார் விமலராணி.

ஜெனிஸ்டன் தலை குனிந்தார்.

“நல்ல மனம். ஆனால் அந்தக் கடைக்குள்ளை ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் உம்மை நம்பி வேலை செய்யினம். அவையிட்டை நீர் கேக்கேல்லை.” அவர் தன் கைப்பையை எடுத்தார். “நாளைக்குக் காலமை கொம்பனி டொக்டரிட்டைப் போறம். நானும் வாறன். பாஷைக்காக இல்லை, உமக்கு இத்தாலியன் என்னைவிட நல்லாத் தெரியும். கதவடியிலையிருந்து திரும்பி வராமல் இருக்க.”

படியிறங்கும்போது றமேஸ் கேட்டான். “பாரத்தைச் சொன்ன உடனையே பிடிச்சிட்டீங்களோ அக்கா?”

“இல்லை. ‘தகுதியில்லை’ எண்ட சொல்லிலை. பாவம் செய்தவன் அந்தச் சொல்லைச் சொல்லிப்போட்டுச் சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவான். இவர் சந்தைக்குப் போய்க் கோப்பை வாங்கியிருக்கிறார்.”

ஜெனிஸ்டன் பயந்த வருத்தம் இதுவல்ல என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. நரம்பு டொக்டர் கையை நீட்டச் சொன்னார், ஒரு சுருள் வரையச் சொன்னார், நடக்கச் சொன்னார். இது வெறும் நடுக்கம், குடும்பத்தில் வருவது, ஆளைக் கொல்லாது, குளிசையால் பாதி அடங்கும் என்றார். கொம்பனி ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தியது. வெறும் துப்பாக்கியோடு நின்றதை ஜெனிஸ்டனே எழுதிக் கொடுத்திருந்தார், இல்லாவிட்டால் தண்டனை இன்னும் கூடியிருக்கும். பிறகு கமெராத் திரைகள் பார்க்கும் அறையில் ஒரு கதிரை கொடுத்தார்கள். சம்பளம் குறைவு. துப்பாக்கி தேவையில்லை.

துப்பாக்கியை விற்கப் போன சனிக்கிழமை றமேஸ்தான் வானில் கூட்டிப்போனான். பத்திரங்கள் எல்லாம் முடிய, கடைக்காரன் பழைய பழக்கத்தில் இலேசான புது ரகம் ஒன்றை எடுத்துக் காட்டினான். ஜெனிஸ்டன் தொடவில்லை. “வேண்டாம்” என்று சொல்லிவிட்டு உறையையும் கழற்றி மேசையில் வைத்தார்.

வெளியே வந்து நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டார். ஒன்பது வருடமாக உறைக்கும் துப்பாக்கிக்கும் இடம் விட்டுக் கட்டிய பெல்ட். இப்போது கால்சட்டை இடுப்பை விட்டு வழுக்கிக்கொண்டு இறங்கியது. சனிக்கிழமைக் கூட்டத்தின் நடுவில், அந்த நெடிய மனிதர் இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றார்.

வானுக்குள் இருந்த செலஸ்ரீனா முதலில் என்னவென்று விளங்காமல் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதவைத் திறந்து இறங்கி, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அவருடைய பெல்ட்டை இரண்டு ஓட்டை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டாள்.