கடைசி ஆளின் குரல்

மார்ச் இரண்டாம் நாள், வியாழக்கிழமை. காலையில் ஈரப்பனி பெய்தது. பிற்பகலில் மூடுபனி இறங்கியது.

பனியில் பதிந்திருந்த இடது காலடிகளின் ஓரமாக மெல்லிய கோடு ஒன்று தொடர்வதை ஒனொரீன் கண்டாள். அவிழ்ந்த காலணிக் கயிறு இழுபட்டால் உண்டாகும் கோடு அது. அவளுக்கு முன்னால் சென்றவள் தங்கை தெரேஸ். தெரேஸ் அணிந்திருந்ததோ கயிறற்ற ரப்பர் காலணி.

நாடு கடத்தப்பட்ட பிரெஞ்சுப் பேரரசர் எல்பாத் தீவிலிருந்து திரும்பி, செரனோன் கிராமத்தை நோக்கி ஏறிய அந்த மலைப்பாதையில், ஊரார் ஆண்டுதோறும் அதே நாளில் ஒற்றை வரிசையாக நடப்பது வழக்கம். பாறை விளிம்பை அடைந்ததும் வரிசை நிற்கும்; கடைசி ஆள் திரும்பிப் பார்த்து, தனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை என்று அறிவித்த பிறகே நகரும். சென்ற ஆண்டும் கடைசி ஆள் ஒனொரீன்தான். குளிர் தாங்காமல், திரும்பிப் பாராமலேயே அறிவித்துவிட்டாள். காலணிக் கயிற்றைக் கட்டுவதற்காகப் பின்தங்கியிருந்த அவளுடைய கொழுந்தன் எல்சியாரை மூன்று நாள் கழித்துப் பள்ளத்திலிருந்து பிணமாக எடுத்தார்கள். திரும்பிப் பார்த்ததாகவே அவள் இன்றுவரை சொல்லிவந்தாள்.

"அக்கா, இந்த வருஷமும் நீதான் வாலா?" மூடுபனிக்குள்ளிருந்து தெரேஸ் கேட்டாள். "சீக்கிரம் வா. முன்னால போற பிளேஸ் மாமா ஊருல நமக்கு வச்சிருக்கிற மொத்த சூப்பையும் குடிச்சிட்டு, பேரரசரு குடிச்சிட்டுப் போயிட்டாருன்னு சொல்லுவாரு."

"தெரேஸ், நமக்கு நடுவுல யாராவது போறாங்களாடி?"

"நடுவுலயா? நீதானே இவ்வளவு நேரமா என் கழுத்துல மூச்சு விட்டுக்கிட்டு வர்ற."

ஒனொரீன் இருபது அடி பின்னால் இருந்தாள்.

ஈரக் கம்பளியின் வாடை வீசியது. முன்னால் வரிசை நின்றது. வெகுதொலைவில் பிளேஸின் குரல் கேட்டது.

"கடைசி ஆளு, பின்னால யாரு?"

அவள் வாய் திறந்தாள். அதற்குள் முன்னாலிருந்து ஓர் ஆண்குரல், அமைதியாக, பதில் சொன்னது.

"எனக்குப் பின்னால யாரும் இல்ல."

வரிசை நகர்ந்தது.

"இருக்கேன். நான் இருக்கேன்."

மூடுபனி அவள் கத்தலை விழுங்கியது. காலடியோசைகள் தேய்ந்தன. ஓடினாள். இடது கால் தடுக்கியது. குனிந்தாள். அவளுடைய காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது.

நிமிர்ந்தாள். முன்னால் சென்ற தடங்கள் ஓரிடத்தில் நின்று, அவள் பக்கம் திரும்பியிருந்தன.

பனி அழுந்தியது. ஒரு காலடி. ஓரத்தில் அந்தக் கோடு. இன்னொன்று. அருகே.

அப்போது மாலை மணி ஐந்து பதினேழு.