கிரிக்கெட்டையும் யானையையும் நிறுத்திய பெட்டி

மூன்று முட்டை கிடந்த ஒரு பழைய கணினிப் பெட்டி, சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்தில் ஒற்றைக்கொம்பன் யானையைத் தோற்கடித்தது. பெட்டிக்குக் காலும் கிடையாது, தும்பிக்கையும் கிடையாது. ஆனாலும் தோற்கடித்தது.

இதைக் கடைசிவரை நம்பாதவர் ஒருவர்தான். தோட்டத்து வாசகசாலையின் செயலாளர் ஆனந்தகுமார். யானை கிடக்கட்டும், அந்த மூன்று முட்டையைக்கூட அவர் நம்பவில்லை. "ரெண்டுதான்" என்று சாதித்தார்.

அந்தத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்க வேண்டுமானால் மலை உச்சிக்கு ஏறி, ஒற்றைக் காலில் நின்று, மூச்சையும் அடக்க வேண்டும். வாசகசாலைக்கு மட்டும் கேபிளில் இணையம் வந்தது. அதன் வைஃபை பக்கத்திலிருந்த கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை எட்டும்.

தினமும் நாலரை மணிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்கள் அங்கே கொழுந்தை நிறுத்துவிட்டு, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவிலுள்ள குறுக்குவழியில் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீடுகளுக்கு இறங்குவார்கள். வழியில் யானை நின்றால் வனக்காவலர்கள் போனில் செய்தி அனுப்புவார்கள். கொட்டகையில் இருக்கும்போதே அது வந்து சேர வேண்டும். இறங்கிவிட்டால் அப்புறம் யானைதான் நேரில் வந்து சொல்லும்.

வம்பு என்னவென்றால், அதே நாலரைக்கு வாசகசாலைச் சுவரில் சாய்ந்து நாற்பது பேர் போனில் படமும் கிரிக்கெட்டும் பார்த்தார்கள். நாற்பது பேரும் சேர்ந்து இழுத்தால், பல்லில்லாத தாத்தா முறுக்கு தின்பதுபோல இணையம் நகர்ந்தது.

போன மாதம் யானைச் செய்தி பதினெட்டு நிமிடம் தாமதமாக வந்தது. அதற்குள் ஆன்மேரியின் அம்மா கத்தரீனாள் பாதி வழியில் ஒற்றைக்கொம்பனைப் பார்த்துவிட்டு ஓடினாள். கணுக்கால் பிசகியது. ஒரு செருப்பு இன்றுவரை யானையிடம்தான் இருக்கிறது.

ஏழாம் வகுப்பு ஆன்மேரி நேரே செயலாளரிடம் போனாள். நாலு முதல் ஐந்துவரை யாரும் படம் பார்க்கக் கூடாதென்று சொல்லச் சொன்னாள்.

ஆனந்தகுமார் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யானைய வேணா நிறுத்திரலாம் புள்ள. கிரிக்கெட்ட நிறுத்த முடியாது."

"அப்ப ரெண்டையும் நிறுத்துறேன் மாமா" என்றாள் ஆன்மேரி.

வாசகசாலைக்குப் பின்னால் மூடியில்லாத ஒரு பழைய கணினி கிடந்தது. அதற்குள்தான் கோழி முட்டையிட்டிருந்தது. ஆன்மேரி மூன்று எண்ணிவிட்டுக் கூடை எடுக்கப் போனாள். திரும்பி வந்தால் இரண்டு. பக்கத்தில் ஆனந்தகுமார் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குச் சுமந்து போனாள். கணினி ஆசிரியர் ஜோஜோ சார், அதில் இன்னொரு கேபிளைச் செருக ஓர் இணைய அட்டையும் ஒரு பென்டிரைவும் கொடுத்தார். பென்டிரைவில் இருந்த மென்பொருள் பழைய கணினியை இணையத்தின் காவல்காரனாக்கிவிடும். அதை எழுதியவர்கள் பூட்டி வைக்கவில்லை. யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், காசும் வேண்டாம். எந்தச் செய்தி முதலில் போகலாம், எது காத்திருக்க வேண்டும் என்று நாமே சட்டம் போடலாம்.

ஆன்மேரி மூன்று சனிக்கிழமை பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து படித்துச் சட்டம் போட்டாள்: 'நாலிலிருந்து ஐந்துவரை செய்தி முன்னால், படம் பின்னால்.' பெட்டியில் கேபிள் செருக இரண்டு இடம்: இணையம் வரும் கேபிளுக்கு வெளிப்பக்கம், வாசகசாலை வைஃபைக்கு உள்பக்கம். வெளியாளை அது உள்ளே விடாது. லயத்தைச் சுற்றிய மின்வேலி மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை முடிந்ததும் பெட்டியை வாசகசாலையில் மாட்டினாள். அவ்வளவுதான், தோட்டம் முழுக்க ஒரு போனிலும் ஒரு பொட்டுகூட நகரவில்லை. நாற்பது பேரும் நானூறு பேர் மாதிரி வந்து நின்றார்கள்.

"எடுத்து வெளிய போடு. ஓசில கெடைக்கிறது எது உருப்பட்டுச்சு?" என்றார் ஆனந்தகுமார்.

ஆன்மேரி பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கால் நகரவில்லை.

"எடுக்க மாட்டேன். நீங்க படம் பாக்குறதுக்கு எங்கம்மா ஓடணுமா?"

கூட்டத்தில் எல்லோர் கண்ணும் கத்தரீனாளின் கட்டுப்போட்ட காலுக்குப் போனது.

அதற்குள் ஆன்மேரி திரும்பிப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். உள்பக்கம் செருக வேண்டிய கேபிளை வெளிப்பக்கத்தில் செருகியிருந்தாள். யானையை லயத்துக்குள் விட்டு, ஆட்களைக் காட்டில் நிறுத்தி, நடுவே வேலி போட்ட கதை. பெட்டி எல்லோரையும் வெளியாள் என்று நினைத்துவிட்டது.

இரண்டு கேபிளையும் மாற்றிச் செருகினாள். நாற்பது போனும் சிணுங்கின. ஆனந்தகுமார் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதன்கிழமை மாலை. கடைசி ஓவர். ஆனந்தகுமாரின் போனில் பந்து அந்தரத்தில் அப்படியே நின்றது. கீழே வரவேயில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டு டிவியில் பார்க்கலாமென்று குறுக்குவழியை நோக்கி நடந்தார்.

அதே நொடியில் கொட்டகையிலிருந்த பெண்களின் போன்கள் எல்லாம் ஒன்றாக ஒலித்தன. எல்லோரும் கூடையை இறக்கி வைத்தார்கள். ஆன்மேரி பாய்ந்துபோய்ப் பாதையை மறித்தாள்.

"மாமா, போனப் பாருங்க."

"வழிய விடு புள்ள."

"பாருங்க மாமா."

பார்த்தார். 'ஒத்தக்கொம்பன் குறுக்குவழியில்.' படித்து முடிக்குமுன் கீழே மரங்கள் ஆடின.

அதன் பிறகு அவர் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு வேகம். கொழுந்து நிறுக்கும் தராசின் மேல் நின்றபோதுதான் பார்த்தார்கள். முள் எழுபத்தெட்டுக் கிலோ காட்டியது.

ஒற்றைக்கொம்பன் ஒரு மணி நேரம் பாதையில் நின்று பார்த்தது. துரத்த ஒரு ஆள்கூட வரவில்லை. சலித்துப்போய்க் காதை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனது.

அடுத்த ஞாயிறு வாசகசாலைக் கூட்டத்தில் கத்தரீனாள் எழுந்தாள். எம்மக சொன்னது நடந்துச்சா இல்லையா, செயலாளரே சொல்லட்டும் என்றாள்.

ஆனந்தகுமார் தொண்டையைச் செருமினார். கூரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"நடந்துச்சு. கிரிக்கெட்டும் நின்னுச்சு, யானையும் நின்னுச்சு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"முட்டையும் மூணுதான். ஒண்ண நான் ஆம்லெட் போட்டுட்டேன்."