வலையில் அசைந்த கை

கடலுக்குள் சத்தமே இல்லை என்பதைப் பிரமிளாதான் முதலில் உணர்ந்தாள். மலேசியாவின் புலாவ் செம்பிலான் தீவுகளின் பாறையடியில் எப்போது இறங்கினாலும், சூடான எண்ணெயில் கடுகு பொரிவதைப் போல, கண்ணுக்குத் தெரியாத சின்ன இறால்களின் படபடப்பு நாலு பக்கமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று மத்தியானம் அது இல்லை. வாயில் கவ்வியிருந்த காற்றுக்குழாய் ரப்பரின் கசப்பும், தன் மூச்சின் சீறலும், பக்கத்தில் நீந்திய கணவன் தனேஷின் மூச்சுக் குமிழ்கள் மேலே உருண்டு போகும் சத்தமும் மட்டும்தான். ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை.

ஈப்போவிலிருந்து லீவு கிடைக்கும்போதெல்லாம் பாகான் டத்தோவுக்கு வந்து, மாயாண்டி அண்ணனின் படகில் ஏறிவிடுவது இருவருக்கும் வழக்கம். இந்தப் பாறைப் பக்கம் மட்டும் இதுவரை வந்ததில்லை.

தனேஷ் அவள் தோளைத் தொட்டுக் காட்டினான். கலங்கிய பச்சைத் தண்ணீரில், பாசி படிந்த பெரிய வலை ஒன்று சுவர்போல எழும்பி நின்றது. அதில் ஓர் ஆமை. நைலான் இறுகி அதன் கழுத்துச் சதை வெளுத்துப் போயிருந்தது. இமை ஒருமுறை மூடித் திறந்தது. உயிர் இருக்கிறது.

இருவரும் கத்தியை எடுத்தார்கள். ஒவ்வொரு இழையாக அறுத்தார்கள். கடைசி இழை விட்டதும், அது மூச்சுக்காக மேலே பாயும் என்று பிரமிளா விலகி வழிவிட்டாள்.

ஆமை மேலே போகவில்லை. மெதுவாகத் திரும்பியது. வலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

அப்போதுதான் அதற்குப் பின்னால் இருந்தவை தெரிந்தன. இன்னும் ஆமைகள். திருக்கைகள். ஒரு டால்பின் குட்டி. எல்லாம் உயிரோடு இருந்தன. ஒன்றுகூடத் திமிறவில்லை.

குட்டியைப் பார்த்ததும் தனேஷுக்கு மனம் கேட்கவில்லை. அவள் தடுப்பதற்குள் தோள்வரை கையை உள்ளே விட்டுவிட்டான். வலை அசைந்தது. அவன் முதுகிலிருந்த காற்று டேங்க்கைச் சுற்றிக்கொண்டது.

அவள் அறுத்தாள். மறுபடி அறுத்தாள். அறுத்த இடத்தில் வலை முழுசாகவே இருந்தது.

அவன் டேங்க்கின் காற்றளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. தன்னிடம் இருந்த இன்னொரு காற்றுக்குழாயை அவன் வாயில் வைத்தாள். இரண்டு மூச்சு இழுத்தான். அவளுடைய முள்ளைப் பார்த்தான். அதுவும் சிவப்புக்குப் பக்கத்தில் இருந்தது. குழாயை அவளிடமே தள்ளினான். மேலே காட்டினான். படகில் இன்னொரு டேங்க் இருக்கிறது.

அவள் போனாள். வேறு வழியில்லை.

"என்னம்மா, தனேஷ் எங்க?" படகிலிருந்து குனிந்து கேட்டார் மாயாண்டி.

"வலையில மாட்டிக்கிட்டாரு அண்ணே! டேங்க் குடுங்க, சீக்கிரம்!"

மாயாண்டி அசையாமல் நின்றார். "இங்க யாரும் வலை போடமாட்டாங்க லா. ஹுத்தான் மெலிந்தாங்ல மீன் பிடிக்கிற ஆளுங்ககூட இந்தப் பாறைப் பக்கம் வரமாட்டாங்க."

"அண்ணே, குடுங்க!"

"நில்லும்மா, ஆளுங்கள வரச்சொல்றேன். நீ தனியா எறங்காத."

"அதுவரைக்கும் அவரு மூச்சு தாங்காது அண்ணே!"

அவளே டேங்க்கை இழுத்து அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

பாறை இருந்தது. வலை இல்லை.

சுற்றிச் சுற்றித் தேடினாள். குழாயைக் கவ்விய வாயோடு அவன் பெயரைக் கத்தினாள். குமிழ்கள்தான் வந்தன. மாற்று டேங்க் கைக்குள் கனத்தது.

பிறகு வலை தெரிந்தது. தூரத்தில், ஆழம் கறுக்கிற இடத்தில். நீரோட்டம் அவளைக் கரைப்பக்கம் தள்ளியது. வலை அதற்கு எதிராகப் போய்க்கொண்டிருந்தது. நிதானமாக. காலை உதைத்தாள். எட்டவில்லை. இன்னும் உதைத்தாள். இடைவெளி குறையவே இல்லை.

வலைக்குள் ஆமைகளின் துடுப்புகள் ஒன்றாக எழுந்தன. ஒன்றாகத் தாழ்ந்தன. அவற்றின் நடுவே தனேஷ். வாயில் குழாய் இல்லை. குமிழ் இல்லை. கண் திறந்திருந்தது. அவளையே பார்த்தது.

அவன் வலது கை வலைக்கு வெளியே நீண்டிருந்தது.

ஆமைகளின் துடுப்போடு அதுவும் எழுந்தது. தாழ்ந்தது.

வா, வா என்று.