பொட்டு வைத்த பெட்டி

திங்கள், காலை 7:20.

மில்லில் வேலை செய்யும் முனீஸ்வரி நூல் நூற்கும் நாலாம் நம்பர் பிரேமுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மோட்டார் பக்கத்தில் எலக்ட்ரீசியன் ஜோயல் குப்புறக் கிடந்தான். வலது கையில் ஸ்குரு டிரைவர் இருந்தது. ராஜபாளையத்தின் அந்தச் சின்ன நூல் மில்லுக்கு ஞாயிறு விடுமுறை. திங்கள் ஷிப்ட் ஏழரைக்குத் தொடங்கும். அதற்குள் மோட்டார் வயரை மாற்றிவிடலாமென்று ஆறு மணிக்கே வந்திருந்தான். முனீஸ்வரிக்கு முன்னால் அவனைத் தவிர வேறு யாரும் முன்வாசல் வழியாக வரவில்லை என்றார் காவல்காரர் மலைச்சாமி.

7:40க்கு வந்த சூப்பர்வைசர் வைகுண்டராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கரண்டை நிறுத்தாமல் கை வைத்திருக்கிறான், அவசரக்காரப் பயல் என்றார். மில் அதையே எழுதிக் கொடுத்தது. போலீசும் அதையே எழுதிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை கல்லறைத் தோட்டத்தில் ஜோயலின் அக்கா ரூபி நின்றிருந்தாள். அழுகை வரவில்லை. முனீஸ்வரிதான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் ஏதேதோ சொன்னாள். தீபாவளிக்கு எடுத்த சட்டையைக் கொண்டுவந்து காட்டினானாம். ஆயுத பூஜைக்கு இவள் சந்தனத் தட்டோடு போகும்போது, ஜோயல் அண்ணன் சாமானுக்கு மட்டும் பொட்டு வைக்காமல் பொரியை மட்டும் கொடுப்பாளாம், அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வானாம். போன வாரம் அவள் மகனுக்கு சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்தானாம். ரூபி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

புதன்கிழமை கடையைத் திறந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் கம்ப்யூட்டர், வைஃபை பழுது பார்க்கும் கடை. வீட்டில் இருந்து என்ன செய்வது?

வெள்ளி, காலை 11:00.

சப்-இன்ஸ்பெக்டர் லிங்கேஸ்வரன் ஒரு கவரோடு வந்தார். ஜோயலின் பொருள்கள். கையெழுத்து வேண்டும். சொந்தக் கவனக்குறைவு என்று வரும் திங்கட்கிழமை வழக்கை முடிக்கப்போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

ரூபி பட்டியலைப் படித்தாள். பர்ஸ். செல்போன். சீப்பு. சட்டைப் பையில் பீஸ் கட்டை, மூன்று.

"நாலாம் நம்பர் போர்டுல கட்டை இருந்துச்சா சார்?"

"இருந்துச்சு. மூணும் போட்டிருந்துச்சு."

"அவன் கரண்டை நிறுத்தக் கட்டையைப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டுத்தான் வயரைத் தொடுவான். வேற யாரும் போட்டுறக் கூடாதுன்னு. போர்டுக்கு மூணுதான் வேணும். பையிலயும் மூணு, போர்டுலயும் மூணு."

"ஸ்பேரா வச்சிருப்பான்னு மில்லுல சொல்றாங்க."

"ஸ்பேர் அலமாரியில இருக்கும். சட்டைப் பையில இருக்காது."

லிங்கேஸ்வரன் கவரைப் பார்த்தார். அப்படியென்றால் உள்ளே இன்னொரு ஆள் இருந்திருக்க வேண்டும். யார் என்று எப்படிச் சொல்வது?

மில்லின் பின்பக்கம் ஜோயலின் பொறுப்பில் இருந்த வைஃபை பெட்டியை ரூபி கேட்டாள். அதில் பெட்டியைச் செய்த கம்பெனி போட்டுத் தந்த மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியார் எழுதிய வேறொன்றை மூன்று வருடத்துக்கு முன் அவளே ஏற்றிக் கொடுத்திருந்தாள். யாருடைய போன் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது, எப்போது விலகியது என்று அது எழுதி வைக்கும். கரண்ட் போனாலும் மறக்காது. மில்லில் அதற்கு சித்திரகுப்தன் என்று பெயர். லேட்டாக வருபவர்களை ஜோயல், போய் சித்திரகுப்தன்கிட்ட சொல்லிக்கோ என்று கேலி செய்வான்.

மாலை 4:30.

பெட்டி வந்தது. வெள்ளை நிறம், நாலு ஆன்டெனா, மேலே காய்ந்த சந்தனமும் குங்குமமும். கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் வரும். அடியில் மாடல் நம்பர் போட்ட ஸ்டிக்கரைக் காணோம். அது சூட்டில் உரிவதுண்டு.

இயக்கினாள். கம்பெனியின் சொந்தத் திரை வந்தது. பதிவு எதுவும் இல்லை.

தன் மென்பொருளை மறுபடி ஏற்றிப் பார்த்தாள். இந்தக் கோப்பு இந்தச் சாதனத்துக்கு உரியதல்ல என்றது. கேபிளை மாற்றினாள். ரீசெட் பொத்தானை முப்பது விநாடி அழுத்தினாள். மூன்று வருடத்துக்கு முன் ஏற்றிய அதே கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அதையும் தள்ளிவிட்டது.

லிங்கேஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். பெட்டி ஏன் முரண்டு பிடிக்கிறது என்று கேட்டார்.

இரண்டு காரணம் இருக்கலாம் என்றாள் ரூபி. யாராவது கம்பெனியின் புது மென்பொருளை ஏற்றியிருக்கலாம். போன வருடத்திலிருந்து கம்பெனி கதவைச் சாத்திவிட்டது, அது வெளி ஆளை உள்ளே விடாது. இல்லையென்றால் பெட்டியே போன வருடத்துக்குப் பிறகு செய்ததாக இருக்கும்.

நாலு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தாள். உள்ளே கொஞ்சம் தூசி இருந்தது. பஞ்சு இல்லை. மூன்று வருடம் நூல் மில்லில் தொங்கிய பெட்டியில் ஒரு இழை பஞ்சுகூட இல்லை.

"ப்ளோயர் வச்சு ஊதியிருப்பாங்கம்மா. கோர்ட்டுல நிக்காது" என்றார் லிங்கேஸ்வரன்.

அவர் சொன்னது சரிதான். ரூபி மூடியைத் திருப்பி மாட்டினாள். நாலாவது திருகாணியை முடுக்கும்போது அவள் கை நின்றது. மூடியின் மேற்பக்கத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, நாளைக்கு அந்தச் சூப்பர்வைசரைப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

சனி, காலை 9:15.

மில் ஆபீஸ். வைகுண்டராஜ் எழுந்து நாற்காலி போட்டார். பெட்டி மேசைமேல் இருந்தது. நூல் கோன் கணக்குச் சீட்டோடு வந்த முனீஸ்வரி, போலீசைப் பார்த்துக் கதவருகே நின்றுவிட்டாள்.

"இது மில்லுப் பெட்டிதானே?" என்று கேட்டாள் ரூபி.

"ஆமாம்மா. வேற எங்க இருந்து வரும்?"

"உள்ள பஞ்சே இல்லையே."

"ப்ளோயர் அடிப்போம்."

"பொட்டு?"

"அது ஆயுத பூஜைக்கு வச்சது."

"யாரு வச்சா?"

"நாந்தான் வச்சேன். வருஷா வருஷம் எல்லா மெஷினுக்கும் வைக்கிறதுதானே."

முனீஸ்வரி அவரைப் பார்த்தாள். ரூபி அவளிடம் திரும்பி, பூஜை அன்றைக்குப் பின்பக்கம் தட்டு கொண்டுபோவது யார் என்று கேட்டாள்.

"நாந்தான்க்கா. இவிய முதலாளி கூட முன்னாடி மெஷின்கிட்ட நிப்பாவ. பின்பக்கம் வர மாட்டாவ." முனீஸ்வரி சீட்டை மடித்தாள். "ஜோயல் அண்ணன் பெட்டிக்கு நான் வச்சதே இல்லை. அவிய வேண்டாம்னு சொன்னதில்லை. நானாத்தான் விட்டுட்டு வருவேன். எப்பப் போய்ப் பாத்தாலும் அதுல ஒரு நாளும் பொட்டு கிடையாது."

வெளியே பிரேம்கள் ஓடிக்கொண்டிருந்தன.

ரூபி குரலை உயர்த்தாமல் சொன்னாள். இந்த ஊரில் பொட்டு இல்லாத மெஷின் கிடையாது. அதனால் பொட்டு யார் கண்ணையும் உறுத்தாது. தன் கண்ணையே உறுத்தவில்லை. ஆனால் இந்த மில்லில் பொட்டு இல்லாத சாமான் ஜோயலுடையது மட்டும்தான். அப்படியென்றால் இது அவன் பெட்டி இல்லை. யாரோ ஒருவர் வீட்டில் பூஜை போட்ட பெட்டி. வைக்காத பொட்டை வைத்தேன் என்று சொல்ல, பெட்டியை மாற்றியவருக்குத்தான் தேவை இருக்கிறது.

"உங்ககிட்ட பின்கேட் சாவி இருக்கா சார்?" என்று கேட்டார் லிங்கேஸ்வரன்.

வைகுண்டராஜ் மேசையைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டுச் சொன்னார். ஷிப்ட்டுக்கு முன்னால் பிரேமை ஓட்டிப் பார்க்கலாமென்று பின்கேட் வழியாக வந்தார். பிரேம் ஓடவில்லை. போர்டைப் பார்த்தால் கட்டை இல்லை. எவனோ பிடுங்கிவிட்டான் என்று அலமாரியிலிருந்து மூன்றை எடுத்துப் போட்டார்.

"அவன் பின்னாடி இருந்தது தெரியாதும்மா. சத்தியமாத் தெரியாது."

"தெரிஞ்ச பொறவு?" என்று கேட்டாள் ரூபி.



காலை 11:40.

வைகுண்டராஜின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தது. ரூபியின் கடையிலிருந்து மூன்று தெரு. டிவிக்கு மேலே ஜோயலின் பெட்டி பச்சை விளக்கோடு எரிந்துகொண்டிருந்தது. ஓட்டைகளில் பஞ்சு அடைத்திருந்தது. தூக்கிப்போட மனசு வரவில்லை, நல்ல பெட்டி என்று ஜீப்பில் வரும்போது சொல்லியிருந்தார். தன் வீட்டுப் பெட்டியைத் திங்கள் மாலை மில்லில் மாட்டிவிட்டு, இதை இங்கே மாட்டியிருக்கிறார்.

அவர் மனைவி வெங்கடேஸ்வரிக்கு ஒன்றும் தெரியாது. பெட்டியைக் கழற்றவேண்டும் என்றதும் கையைப் பிசைந்தாள்.

"மகளுக்கு ஆன்லைன்ல பரீட்சை நடக்கு. செத்த நேரம் பொறுக்கலாமா?"

லிங்கேஸ்வரன் ரூபியைப் பார்த்தார்.

"முடியட்டும்" என்றாள் ரூபி.

இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடேஸ்வரி காபி கொடுத்தாள். ரூபி குடித்தாள். உள்ளறைக் கதவு திறந்து, முடிச்சுட்டேன்மா என்று குரல் வந்ததும் லேப்டாப்பைப் பெட்டியில் இணைத்தாள். கடவுச்சொல்லை ஜோயல் மாற்றவில்லை. அவள் வைத்ததுதான் இருந்தது.

திங்கட்கிழமை வரிகளை லிங்கேஸ்வரன் குனிந்து படித்தார். ஜோயல், வந்தது 6:02. வைகுண்டராஜ், வந்தது 6:31. பிறகு 7:12க்குப் பெட்டியைப் பிடுங்கியதோடு பதிவு நின்றது. மாலை 6:50க்கு வெங்கடேஸ்வரி, வைகுண்டராஜ்.

"நாப்பத்தோரு நிமிஷம் வைகுண்டராஜ் அங்கனதான் இருந்திருக்கான்" என்றார். "ஆஸ்பத்திரி ரெண்டு கிலோமீட்டர்."

ரூபி கைப்பையைத் திறந்து மூன்று பீஸ் கட்டைகளையும் எடுத்து மேசையில் வைத்தாள். இதுவும் கேசுக்கு வேணும் என்றாள். அவர் வாங்கிக் கவரில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை அவளிடம் கையெழுத்து வாங்கிய தாளை நாலாகக் கிழித்தார்.

அவள் லேப்டாப்பை மூடப் போனாள். ஜோயலின் வரி இன்னும் திரையில் இருந்தது. வந்தது, 6:02. போனது என்ற கட்டம் காலியாக இருந்தது.